மண் வைத்த ஈரம்

கொர்னேலியஸ் மலாய் நாட்டுக் கிம்மாஸிலிருந்து கிள்ளானுக்கு மாற்றலாகி வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்காம் வருஷக் கடைசி. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி வேலை. போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கு வேகன் வேகனாக அங்கே வரும். பெட்டி எத்தனை, மூட்டை எத்தனை, எதில் உடைசல், எதில் கசிவு என்று பார்த்து எழுதி, உரியவர் வந்து கேட்கும்வரை பத்திரமாக அடுக்கி வைக்கவேண்டும். கருவாட்டு வாசனையும் ரப்பர் ஷீட்டின் புகை நாற்றமும் தேயிலை மணமும் ஒன்றாய்க் கலந்து கிடந்த அந்தத் தகரக் கொட்டகையைப் பின்னாளில் பேச்சுக்குச் சொன்னால்கூட அவர் மூச்சை ஒருமுறை ஆழ இழுத்துக்கொள்வார்.

மனிதர் தனியாள். மனைவி ஜோசஃபின் பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸில் அப்பா விட்டுப்போன பலகை வீட்டில் தங்கை டோரிஸ் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள். ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய்ப் பூசை பார்த்துவிட்டு, அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வருவார். மற்ற ஆறு நாளும் கிள்ளானில் ஒற்றை அறை, ஓட்டல் சோறு.

ஷெட்டில் அவருக்கு நேர் எதிரே ஒரு மர முக்காலியில் பெக் சூன் என்ற சீனர் உட்கார்ந்திருப்பார். சீன வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து அமர்த்திய செக்கர். வயது கிட்டத்தட்ட கொர்னேலியஸின் வயதுதான். ஒல்லியான ஆள், சலவை செய்த வெள்ளைச் சட்டை, காதோரம் நரை. ஒவ்வொரு பெட்டியையும் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, சாக்கட்டியால் ஏதோ ஒரு எழுத்தைப் போடுவார். கூலியாட்கள் கோழிக் கிறுக்கலாய்ப் போடும் குறிகளுக்கு நடுவே அவருடைய எழுத்து மட்டும் சட்டம் போட்டு மாட்டலாம்போல நிற்கும். இருவருக்கும் பொதுவாக இருந்தது பாசார் மலாய் என்ற கடைத்தெரு மலாய். அதிலும் முதல் இரண்டு மாதம் "சாப்பிட்டாச்சா" என்பதைத் தாண்டிப் பேச்சு வளரவில்லை.

வளர்த்துவிட்டது ஒரு தப்பு.

சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால் சீனத் துறைமுகமான அமோயிலிருந்து ஆறு பெட்டிகள் வந்தன. ஆற்றோரத்துச் சீனப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வந்த புத்தகங்கள். அதில் இரண்டு பெட்டியில் பெக் சூன் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எழுத்தைப் போட்டிருந்தார். கொர்னேலியஸ் பார்த்தார். அது கடைக்காரர் முத்திரை என்று நினைத்தார். கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் ஆ காவும் பார்த்தான். அவனும் அப்படியே நினைத்தான். ஆறையும் ஷெட்டின் உள் மூலையில் அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்து மூடி, கயிறு கட்டிவிட்டார்கள். அப்புறம் ஊரெல்லாம் பட்டாசுச் சத்தம். பள்ளிக்கூடம் பூட்டு. ஐந்து நாளைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

ஆறாம் நாள் காலை பெக் சூன் திரும்பி வந்து தார்ப்பாயைத் தூக்கினார். பூசண நாற்றம் கொட்டகை முழுக்கப் பரவியது.

"நான்தான் எழுதிவச்சேனே கிராணி!" அவர் கத்தியதை அன்றுதான் எல்லாரும் கேட்டார்கள். "நனைஞ்சிருக்கு, பிரிச்சுக் காயவைன்னு எழுதிவச்சேன். இவ்வளவு பெரிசா!"

"எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது."

"மூக்கு இருக்குல்ல?"

மூக்கு இருந்தது. புத்தாண்டு அவசரத்தில் அதைக் கொர்னேலியஸ் உபயோகிக்கவில்லை. நடந்தது நடந்தபடி எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு மேலதிகாரிக்கு அனுப்பினார். தண்டனை எதுவானாலும் வரட்டும் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டியை உடைத்தார்.

நூல் கோத்துக் கட்டிய பழைய மாதிரிப் புத்தகங்கள். தாள் வெங்காயச் சருகுபோல மெல்லிசு. பெக் சூன் கோபத்தை எங்கோ வைத்துவிட்டு, ஒரு சின்னக் கத்தியால் தையல் நூலை அறுத்து, ஒவ்வொரு இதழாகப் பிரிக்கத் தொடங்கினார். கொர்னேலியஸ் ஏந்தி வாங்கி ரயில் கரையின் புல்சரிவில் பரப்பினார். ஷெட் கூட்டும் வீரம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கிராணியய்யா, நேர் வெயில்ல போட்டா அப்பளமாட்டம் சுருண்டுக்கும். நெழல்ல கயிறு கட்டி, காத்தாடப் போடுங்க. எங்க வூட்டுக் கொடிக்கயிறு இருக்கு, எடுத்தாறேன்."

அவள் சொன்னதுதான் சரி. அங்கே நின்ற இரண்டு மரங்களுக்கு நடுவே நான்கு வரிசை கயிறு கட்டினார்கள். மூன்று நாள், ஷெட் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அந்த மரத்தடியில்தான். நூற்றுக்கணக்கான தாள்கள் காற்றில் படபடத்துக்கொண்டிருக்க, எந்தத் தாள் எதற்கு அடுத்தது என்று பெக் சூன் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்தும் தெரியாத கொர்னேலியஸ் அடுக்கினார். வீரம்மா ஈரத்தாளுக்கும் காய்ந்த தாளுக்கும் கன்னத்தில் வைத்துப் பார்த்தே வித்தியாசம் சொன்னாள்.

இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வந்தார். கண்ணாடி போட்ட, முப்பது வயதுகூட ஆகாத மனிதர். சட்டைப்பையில் ஊற்றுப் பேனா. சண்டை போடத்தான் வந்தார். பெட்டிப் பலகையில் இருந்த எழுத்தைக் கண்டதும் கோபத்தை மறந்து குனிந்துவிட்டார்.

溼

"இதை யார் எழுதினது?"

பெக் சூன் எழுந்து நின்றார். "நான்."

"ஏன் இப்படி எழுதினீங்க? ஊரெல்லாம் வேற மாதிரிதானே எழுதுது?" அவர் பேனாவை எடுத்துத் தன் கைப்புத்தகத்தில் இன்னொரு எழுத்தை எழுதிக் காட்டினார்.

濕

மண்டோர் ஆ காவு எட்டிப் பார்த்தான். "ஐயோ, இதுவா! இது எனக்குத் தெரியுமே. மருந்துக்கடைப் பொட்டலத்துல பார்த்திருக்கேன். இதைப் போட்டிருந்தா அன்னைக்கே மேல எடுத்து வச்சிருப்பேன்."

பெக் சூன் முகத்தில் இரத்தம் ஏறியது. "அது தப்பு. அது ஈரமே இல்ல. அது ஒரு ஆத்தோட பேரு."

தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். இருவரும் தங்கள் ஊர்ச் சீனமான ஹொக்கியனில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். கொர்னேலியஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வந்தவரின் குரலில் படிப்படியாக மரியாதை ஏறுவதும், முடிவில் அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு தலை தாழ்த்துவதும் தெரிந்தது. இருபது வருஷமாகச் சாக்கட்டி பிடித்துக்கொண்டிருக்கும் இந்த மனிதர் யார் என்று கிள்ளானில் முதல் ஆளாய்க் கண்டுகொண்டது அவர்தான்.

அன்று சாயங்காலம் தாள்களை மடித்துக்கொண்டிருந்தபோது பெக் சூன் தானாகவே பேச்சை எடுத்தார்.

"தப்பு உங்க மேல மட்டும் இல்ல கிராணி. யாருக்கும் தெரியாத எழுத்தை எழுதி வச்சுட்டு, ஏன் படிக்கலன்னு கத்தினேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஈரம்தானேன்னு அவரு சொன்னாரு போல."

பெக் சூன் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கீறினார். "இடது பக்கம் மூணு புள்ளி. அது தண்ணி. ரெண்டுலயும் அது உண்டு. வலது பக்கத்தைப் பாருங்க. இந்த மருந்துக்கடை எழுத்துல மேல சூரியன் இருக்கு. கீழ பட்டு நூல். வெயில்ல பிடிச்சுப் பார்க்கிற பட்டு."

"வெயில் இருந்தா அப்புறம் எப்படி ஈரமாகும்?"

பெக் சூன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "இதை இத்தனை வருஷத்துல என்னை ஒருத்தரும் கேட்டதில்ல." பிறகு சொன்னார். வடக்கே ஒரு காலத்தில் ஒரு ஆறு ஓடிக் கடலில் விழுந்தது. அதன் பெயருக்காக உண்டானது அந்த எழுத்து. வெயிலும் பட்டும் அதில் ஓசைக்காக வந்து சேர்ந்தவை. ஈரத்துக்கு உண்டான எழுத்து வேறு. ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முந்திய அகராதி அதற்கு விளக்கம் சொல்கிறது. மேலே ஒரு கோடு, அது மூடி. நடுவில் நூல். அடியில் மண். "மூடி வச்ச இடம், அதுக்கு அடியில மண், பக்கத்துல தண்ணி. அப்ப ஈரம்தானே? உங்க தார்ப்பாய்க்குக் கீழ நடந்ததே அதுதான்."

கொர்னேலியஸ் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கக்கூடாத இடம்தான். ஆனாலும் பெக் சூனும் சேர்ந்துகொண்டார்.

"அப்புறம் எப்படி மாறிச்சு?"

"ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. அவசரமா எழுதினவங்க ஆத்தோட எழுத்தை ஈரத்துக்குப் போட்டாங்க. அடுத்தவன் அதைப் பார்த்து எழுதினான். நூறு வருஷம், ஆயிரம் வருஷம். ஊரே எழுதிட்டா அதுதான் சரி."

"ஆறு என்ன ஆச்சு?"

"அதுக்கு வேற எழுத்து கொடுத்துட்டாங்க. ஆத்துக்கிட்டயா கேப்பாங்க?" மண்ணில் கீறியதைக் கையால் கலைத்துவிட்டு, "இந்தத் தலைமையாசிரியர் சின்ன ஆளு, புதுசு புதுசாச் சொல்றாரு. ஏதோ எழுத்து வெட்டின பழைய எலும்பெல்லாம் தோண்டி எடுத்திருக்காங்களாம், அதுல தண்ணியும் நூலும் மட்டும்தான் இருக்காம், மண்ணே கெடையாதாம். எலும்புல எழுதினவன் அவசரக்காரனா இருப்பான்" என்றார்.

அவருடைய கதையும் அன்றுதான் வெளியே வந்தது. அமோய்க்குப் பக்கத்து ஊர். ஆறு வயதிலிருந்து அரசாங்கப் பரீட்சைக்குப் படித்தவர். மாவட்டப் பரீட்சையில் இரண்டு முறை உட்கார்ந்து தோற்றார். மூன்றாம் முறைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது பரீட்சையையே அரசாங்கம் எடுத்துவிட்டது. "மூணாவது தடவையும் தோத்திருந்தாக்கூடப் பரவாயில்ல" என்றார். இருபத்தோரு வயதில், ஒரு பிரயோஜனமும் இல்லாத படிப்போடு கப்பலேறியவர்.

புத்தகங்களில் பதினான்கு இதழ் மட்டும் கூழாகிப் போயிருந்தது. பெக் சூன் அவற்றை ஒன்றுவிடாமல் நினைவிலிருந்தே தூரிகையால் எழுதிக் கொடுத்தார். தலைமையாசிரியர் கோலாலம்பூரில் வேறொரு பிரதியைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார். இரண்டே எழுத்து மாறியிருந்தது. அந்த இரண்டும் அச்சில்தான் தப்பு என்று பெக் சூன் ஒரு மணி நேரம் வாதாடினார். பள்ளிக்கூடத்துக்கே பாடம் சொல்ல வந்துவிடுங்கள் என்று தலைமையாசிரியர் கூப்பிட்டபோது மட்டும் பெக் சூன் தலையாட்டி மறுத்துவிட்டார். பாடமெல்லாம் இப்போது வடக்கத்திச் சீனமான மாண்டரினில். பெக் சூனுக்கு அது பேச வராது. ஹொக்கியன் உச்சரிப்பில் வாசித்துப் பழகிய நாக்கு. "பிள்ளைங்க சிரிக்கும்" என்றார்.

ரயில்வேக்கு நஷ்டஈடு எதுவும் கேட்டுப் பள்ளிக்கூடம் எழுதவில்லை. கொர்னேலியஸுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்ததோடு சரி. மறுநாளிலிருந்து பெக் சூன் நனைந்த பெட்டிகளில் மருந்துக்கடை எழுத்தைத்தான் போட்டார். போட்டு முடித்ததும் ஒவ்வொரு முறையும் கையை வேட்டியில் துடைக்கிற மாதிரி காற்சட்டையில் துடைத்துக்கொள்வார்.

"என்ன சின்சே, ஆத்துப் பேரா?" என்பார் கொர்னேலியஸ். சின்சே என்றால் வாத்தியார். அந்தப் பெயர் ஷெட்டில் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷங்கள் கொர்னேலியஸுக்குக் கிள்ளானில் நல்ல காலம். வேகன் வராத மதியங்களில் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். தேயிலை, காகிதம், 'தலைகீழாக வைக்காதே', 'உடையும்' என்று பெட்டிக்கு வேண்டிய நாற்பது எழுத்துகளைக் கொர்னேலியஸ் படித்துக்கொண்டார். பதிலுக்கு ஒருநாள் பெக் சூன் கேட்டார்.

"உங்க பாஷையில மலாய் 'பாசா'வுக்கு என்ன சொல்லுவீங்க?"

"ஈரம்."

"ஈ-லாம்." அவர் நாக்கில் அது அப்படித்தான் வந்தது.

"எங்க ஊர்ல அதுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஒருத்தன் கஷ்டத்தைப் பார்த்தும் உதவி பண்ணலன்னா, அவன் நெஞ்சுல ஈரம் இல்லன்னு சொல்லுவோம்."

பெக் சூனுக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. கோப்பியை ஆறவிட்டுவிட்டு யோசித்தார். "எங்களுக்கு நெஞ்சுல ஈரம் சேர்ந்தா வைத்தியர்கிட்ட போகணும். அது வியாதி. கருணைக்கு வேற ஒரு எழுத்து. சதுப்பு நிலத்துத் தண்ணிக்கு உள்ள எழுத்து. ராஜாவோட தயவுக்கு அதைத்தான் போடுவாங்க." ஆறிய கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "உங்களுது நல்லா இருக்கு. ராஜா தேவையில்ல" என்றார்.

இருபத்தாறாம் வருஷம் டிசம்பர் கடைசியில் மழை பிடித்தது. நான்கைந்து நாள் விடாமல் கொட்டியது. அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் சாகும்வரை அதைப் பற்றிப் பேசினார்கள். கோலாலம்பூர்த் தெருக்களில் சம்பான் படகு ஓடியது. தண்டவாளம் முழுகி ரயில் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் மார்பளவு தண்ணீர் என்று செய்தி வந்தபோது கொர்னேலியஸ் கிள்ளானில் மாட்டிக்கொண்டு தவித்தார். நான்காம் நாள் பாதி தூரம் டிராலியிலும் பாதி தூரம் நடந்தும் வீடு போய்ச் சேர்ந்தார். சுவரில் நெஞ்சுயரத்துக்குச் சேற்றுக்கோடு. டோரிஸ் உயிரோடு இருந்தாள். வாசலில் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றவள் அழத் தொடங்கிவிட்டாள். "சாமான் ஒண்ணும் எடுக்கலண்ணே. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ரெண்டையும் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடிட்டேன். அண்ணியோட டின்னை மறந்துட்டேன்."

"பிள்ளைங்க நல்லா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போதும். அழாத."

சொல்லிவிட்டாரே தவிர, நேரே போய்க் கட்டிலுக்கடியில் சேற்றிலிருந்து பிஸ்கட் டின்னைத்தான் இழுத்தார். கல்யாணமான புதிதில், தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில், கிம்மாஸில் குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் ஒன்பது மாதம் அவர் தனியே இருந்தார். அப்போது ஜோசஃபின் எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. முப்பத்தொன்று. கிள்ளான் அறை ஒழுகும் என்பதால்தான் அவற்றைப் பத்திரமாக இங்கே வைத்திருந்தார். டின்னைச் சாய்த்ததும் தண்ணீர் கொட்டியது. கடிதங்கள் ஒரே கட்டியாக, ஈரச் செங்கல் மாதிரி வெளியே வந்தன.

மறுநாள் அதை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு கிள்ளானுக்குத் திரும்பினார். பெக் சூனின் அறை கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடி. கதவைத் திறந்தவர் கொர்னேலியஸின் கையிலிருந்ததைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மேசையைக் காலி செய்தார்.

ஓரத்தில் ஒரு எழுத்தைச் சுண்டுவிரல் நுனியால் தொட்டார். விரல் ஊதாவானது.

"இது மை இல்லையே."

"நகல் எடுக்கிற காப்பியிங் பென்சில். அவ அண்ணன் ஆபீசிலேர்ந்து கொண்டுவந்து கொடுப்பாரு."

"எங்க மை புகைக்கரி, தண்ணியில கிடந்தாலும் போகாது. இது கரையும். தண்ணி வைக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது, அவசரப்படக்கூடாது."

மூங்கிலைச் சீவி நகம்போல மெல்லிய பட்டை ஒன்று செய்தார். தான் எழுதிப் பழகச் சேர்த்து வைத்திருந்த தாள் கட்டு முழுவதையும் பெட்டியிலிருந்து எடுத்தார். அதில் ஒன்றைப் போட்டு, ஒரு கடிதத்தை உரித்து வைத்து, மேலே இன்னொன்று. ஊதாவை உறிஞ்சிய தாளை எடுத்துவிட்டுப் புதியது. ஒரு கடிதத்துக்கு அரை மணி, சிலதுக்கு ஒரு மணி. இரண்டு நாள் இப்படிப் போனது. பார்த்துக்கொண்டிருந்த கொர்னேலியஸைத் தொடவே விடவில்லை; "நீங்க அவசரப்படுவீங்க" என்றார். பெக் சூனுக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் எந்தக் கோடு எழுத்து, எது கறை என்று எப்படியோ கண்டுகொண்டார். கழித்துப் போட்ட தாள்களிலெல்லாம் ஜோசஃபினின் வரிகள் தலைகீழ் பிம்பமாக ஊதாவில் படிந்திருந்தன.

உலர்ந்த கடிதங்களைக் கொர்னேலியஸ் ஒவ்வொன்றாக வாசித்தார். எழுத்துகள் தடித்துப் போயிருந்தனவே தவிர, பெரும்பாலும் பிழைத்திருந்தன. கோழி அடைக்கு உட்கார்ந்தது, டோரிஸுக்குப் பல்வலி, மாமா வீட்டு ஞானஸ்நானத்தில் பாயசம் தீய்ந்தது. மங்கிய இடங்களை அவர் மனப்பாடமாகவே சொல்லி, பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்தார். பத்தொன்பதாம் கடிதத்தின் கடைசி வரியில் நின்றுவிட்டார்.

அங்கே ஊதாப் பொட்டுதான் இருந்தது.

"என்ன வரி?" என்றார் பெக் சூன்.

"தெரியல."

"யோசிங்க. வரும்."

"நூறு தடவை படிச்சிருக்கேன் சின்சே. இதுக்கு மேல உள்ள வரி தெரியுது. 'மழை விட்டதும் கொடியில் துணி போட்டேன்'னு இருக்கு. அதுக்குக் கீழ ஏதோ எழுதியிருந்தா. சிரிப்பு வர்ற மாதிரி ஏதோ." அவர் குரல் உடைந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் கல்லறையில் நின்றபோதுகூட அப்படி அழவில்லை. நீங்கள் பதினான்கு இதழை ஒரு எழுத்து விடாமல் எழுதினீர்களே, என்னால் என் பெண்டாட்டியின் ஒரு வரியை வைத்துக்கொள்ள முடியவில்லையே என்று மலாயும் தமிழுமாகச் சொல்லிச் சொல்லி அழுதார்.

பெக் சூன் கீழே போய்ச் சூடாகக் கஞ்சியும் உப்பு முட்டையும் வாங்கி வந்தார். கொர்னேலியஸ் சாப்பிட்டு முடிக்கும்வரை ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே சொன்னார். "நான் வச்சிருக்கிறது யாரோ எழுதினது. எனக்குன்னு யாரும் ஒரு வரி எழுதினது இல்ல."

வெள்ளம் வடிந்து ஊர் தேறிய பிறகு, அடுத்த வருஷம் மார்ச்சில், தலைமையாசிரியர் மறுபடி ஷெட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை கூடிவிட்டது, எழுத்துப் பயிற்சிக்காவது ஆள் வேண்டும் என்றார். பெக் சூன் பழைய பதிலையே சொன்னார். அவர் போனதும் கொர்னேலியஸுக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளைங்க சிரிச்சா என்ன? நானும்தான் ஆபீஸ்ல இங்கிலீஷ் பேசுறேன். துரை சிரிக்கலியா? சிரிப்புக்குப் பயந்துகிட்டு இன்னும் எத்தனை வருஷம் தப்புன்னு தெரிஞ்ச எழுத்தையே பெட்டியில போட்டுக்கிட்டு இருப்பீங்க?"

பெக் சூன் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பன்னிரண்டு நாள் கொர்னேலியஸோடு பேச்சில்லை. கோப்பிக்கடையில் வேறு மேசை. அதிகம் பேசிவிட்டோம் என்று கொர்னேலியஸ் மனம் புழுங்கினார். பதின்மூன்றாம் நாள் காலை முக்காலியில் ஆள் இல்லை. வீரம்மாதான் ஓடி வந்து சொன்னாள்.

"கிராணியய்யா, நம்ம சின்சே பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்கிறாரு. புதுச் சட்டை. உள்ள போறாரு, வெளிய வர்றாரு, உள்ள போறாரு, வெளிய வர்றாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"உள்ளதான்."

பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்தார்கள். ஹொக்கியனும் மாண்டரினும் கலந்த அவருடைய பேச்சை வீட்டுக்குப் போய் நடித்துக் காட்டினார்கள். ஆனால் ஒரு எழுத்து எங்கிருந்து வந்தது, யார் அதைத் தப்பாக எழுதி அந்தத் தப்பே நிலைத்தது என்று அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் வகுப்பில் ஊசி விழும் சத்தம் கேட்கும் என்று தலைமையாசிரியரே கொர்னேலியஸிடம் சொன்னார். இரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளைகளே அவருக்கு மாண்டரின் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலை விழுந்து ரயில்வேயில் ஆள் குறைத்தார்கள். கொர்னேலியஸ் பெயரும் பட்டியலில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கே திரும்பி, கோயில் கணக்குப்பிள்ளை ஊருக்குப் போனபோது அவருடைய வேலையைப் பார்த்துக்கொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறு பெக் சூன் கிள்ளானிலிருந்து ரயிலேறி வருவார். கையில் ஏதாவது பொட்டலம் இருக்கும். டோரிஸின் நண்டுக் குழம்பைக் காரத்தில் கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிடுவார். சோற்றைக் குழைய விடுகிறாள் என்று அவரும், பருக்கை பருக்கையாய் விறைத்திருந்தால் அது சோறா என்று அவளும் ஐந்து வருஷம் சண்டை போட்டார்கள். அவள் மலாய் அந்தச் சண்டையில்தான் தேறியது.

முப்பத்தாறில் பெக் சூன் ஊருக்குப் போகிறேன் என்றார். தாயின் கல்லறையைப் பார்க்கவேண்டும். முப்பத்தொரு வருஷமாகப் பார்க்காத ஊர். வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது, அங்கேயே இருந்துவிடலாம் என்றும் ஒரு எண்ணம். போர்ட் சுவெட்டன்ஹாமுக்குக் கொர்னேலியஸும் டோரிஸும் வழியனுப்பப் போனார்கள். டோரிஸ் மீன் ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்தாள்.

"திரும்பி வருவீங்களா?" என்று கொர்னேலியஸ் கேட்டார்.

"தெரியல கிராணி. அங்க போனா வர மனசு வருமோ என்னமோ."

கப்பல் போனபிறகு முதல் ஞாயிறுகளில் வீடு சப்தமில்லாமல் கிடந்தது. டோரிஸ் சோற்றை விறைப்பாகவே வடித்தாள்.

நான்காம் மாதம், ஒரு புதன்கிழமைப் பிற்பகல், முன்வாசல் கேட்டில் யாரோ நின்றார்கள். கறுத்து, இளைத்து, அதே பெட்டியோடு பெக் சூன். கொர்னேலியஸ் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார்.

"என்ன ஆச்சு சின்சே? ஊர் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. கல்லறையைச் சுத்தம் பண்ணி, பூ வச்சேன். எல்லாம் பண்ணேன்." பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பலகைப் படியில் உட்கார்ந்தார். "எங்க தெருவுல நடந்து போறேன், சின்னப் பிள்ளைங்க பின்னாலயே வருது. நான் பேசற ஹொக்கியன்ல மலாய் கலந்திருக்காம். சிரிக்குதுங்க. ஒரு பொம்பளைப் பிள்ளை கேட்டுச்சு, தாத்தா நீங்க எந்த ஊருன்னு."

"என்ன சொன்னீங்க?"

"கிள்ளான்னு சொன்னேன்," என்றார் பெக் சூன். உள்ளே எட்டிப் பார்த்து, "டோரிஸ், சாப்பாடு இருக்கா? கொஞ்சம் குழைஞ்சிருந்தாலும் பரவாயில்ல" என்றார்.